அக்கா அனுப்பிய கரித்துணி

சமாமித் தீவு, கெரமா
ஒன்பதாம் மாதம், தேய்பிறை மூன்றாம் நாள்

ஷுரித் தலைநகரில் தலைமைப் பூசாரி மாளிகையில் வீற்றிருக்கும் மாட்சிமை பொருந்திய அக்கா மச்சிரு அவர்களுக்கு, தம்பி ஜிருகனி பலமுறை வணங்கி எழுதுவது.

போதும், இதுக்கு மேல மரியாதை வரலை. அக்கா, உனக்கு அறிவிருக்கா?

நாஹாத் துறைமுகத்துல என் கையில ஒரு பொட்டலம் கொடுத்தே. சிவப்புக் கயிறு கட்டி, உன் முத்திரை வெச்சு, ரெண்டு கையாலயும் நீட்டினே. "பத்திரமா போய்ட்டு வா"ன்னு மட்டும் சொன்னே. வழியனுப்பு விருந்துல நான் உளறினதை மறந்துட்டா போல, அக்கான்னா அக்காதான்னு நினைச்சேன்.

இந்தக் கப்பல்ல அறுபது பேர் இருக்காங்க. ஒவ்வொருத்தன் இடுப்புலயும் அவனவன் அக்காவோ தங்கச்சியோ நெய்து கொடுத்த கைத்துண்டு இருக்கு. அதெல்லாம் போதாதுன்னு எல்லாரும் என் பொட்டலத்துக்காகக் காத்துக்கிட்டிருந்தாங்க. அரசரோட தங்கச்சி, அடுத்த மாசம் நாட்டுக்கே பெரிய பூசாரியா பட்டம் ஏறப்போறவ நெய்த துண்டு. அது பாய்மரத்துல ஏறிட்டா சீனா வரைக்கும் கடல் சொன்ன பேச்சைக் கேக்கும்னு அவங்க நம்பிக்கை. கெரமாவைத் தாண்டி நடுக்கடல் போறதுக்கு முன்னாடி, எல்லார் கண்ணு முன்னாலயும்தான் அதைப் பிரிக்கணும். அதுதான் முறை. உனக்கே தெரியும்.

நேத்து காலையில பிரிச்சேன். எல்லாரும் தலை குனிஞ்சு நின்னாங்க. நானும் குரலை ஒரு மாதிரி கம்பீரமா வெச்சுக்கிட்டு "இதோ, என் அக்காவின் கைவண்ணம்"னு சொல்லி ரெண்டு கையாலயும் விரிச்சுத் தூக்கிப் பிடிச்சேன்.

சமையல்காரன் யாமாதான் முதல்ல வாயைத் திறந்தான். "ஐயா, அது கரித்துணி."

கரித்துணிதான். பன்னிக்கொழுப்பு வாடை. நடுவுல ஒரு ஓட்டை. ஓரத்துல காய்ஞ்சு போன தோஃபுக் கட்டி ஒட்டிக்கிட்டிருந்துது. கப்பலோட்டி கமடா, முப்பது வருஷமா கடல்லயே பழுத்த மனுஷன், அப்படியே கயித்துக் கட்டு மேல உக்காந்துட்டார். "ஐயா, இந்தக் கப்பல் இனி நகராது"ன்னு சொல்லிட்டார்.

பெரிய தூதர் ஏறின முதல் கப்பல் ஏற்கெனவே போயாச்சு. வாடைக்காத்து நமக்காக உக்காந்திருக்காது. இந்தக் காத்தை விட்டா சீனாப் பயணம் அடுத்த வருஷம்தான். பேசாம உடனே ஒரு நல்ல துண்டா அனுப்பு. சுமாரா இருந்தாலும் பரவாயில்லை. உன் நெசவு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், அதனால சுமாரா இருந்தாலே எனக்கு சந்தோஷம்.

உன் தம்பி,
ஜிரு


தலைமைப் பூசாரி மாளிகை, ஷுரி
ஒன்பதாம் மாதம், தேய்பிறை ஆறாம் நாள்

துணைத் தூதர் அவர்களுக்கு, தலைமைப் பூசாரி அவர்களின் ஆணைப்படி மாளிகை எழுத்தர் எழுதுவது. தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. தாங்கள் குறிப்பிடும் துணி முறைப்படி முத்திரையிடப்பட்டு, முறைப்படி கையளிக்கப்பட்டது. அதில் குறை ஏதும் இருப்பதாக இம்மாளிகை கருதவில்லை. தங்கள் பயணம் இனிதே அமைவதாக.

எழுத்தரம்மா போய்ட்டா. இப்ப நானே எழுதறேன்.

டேய் ஜிரு, அறிவிருக்கான்னு என்னையா கேக்கறே?

அரசர் அண்ணா இருக்கார், மந்திரிங்க இருக்காங்க, அவங்க பொண்டாட்டிங்க இருக்காங்க. அத்தனை பேர் நடுவுல கையில அவமோரிச் சாராயக் கிண்ணத்தோட எழுந்து நின்னு, "எங்க அக்கா கடலை எப்படி அடக்குவான்னு சொல்றேன் கேளுங்க"ன்னு ஆரம்பிச்சது யாரு? பட்டமேற்புக்கு வெள்ளை மணல் எடுத்துட்டு வர குடக்காத் தீவுக்குப் போனப்போ, படகுல நான் வாந்தி எடுத்தேன். உண்மை. மந்திரி இனாமினே காத்துக்குப் பயந்து கழட்டி மடியில வெச்சிருந்த ஊதாத் தொப்பியில எடுத்தேன். அதுவும் உண்மை. அவர் தூங்கிக்கிட்டிருந்தார். கரை வந்ததும் எழுந்து, தீவுப் பூசாரிங்க முன்னாடி மரியாதையா நிக்கணுமேன்னு அந்தத் தொப்பியை எடுத்துத் தலையில வெச்சுக்கிட்டார். நான் சொல்றதுக்குள்ள வெச்சுக்கிட்டார்டா. அதுக்கு நான் என்ன செய்ய?

படகுல இருந்தது நாம மூணு பேரும் துடுப்புக்காரங்களும். மந்திரி வாயைத் திறக்கலை. துடுப்புக்காரங்க திறக்கலை. கூடப் பொறந்தவன் திறந்தான். அதுவும் நடிச்சுக் காட்டினான்!

அண்ணா சிரிச்ச சிரிப்புல பீடத்துலேருந்து சரிஞ்சே போய்ட்டார். இப்ப நாஹாச் சந்தையில என்ன பேச்சு தெரியுமா? கப்பலையெல்லாம் காப்பாத்தற அம்மாவுக்குப் படகுல ஏறினா குமட்டுதாம். அடுத்த மாசம் செஃபாத் தோப்புல எனக்கு சாமி பேரு சூட்டிப் பட்டம் கட்டறப்போ, நாடு பூரா இருக்கற பூசாரிப் பொம்பளைங்க வந்து நிப்பாங்க. ஒவ்வொருத்தியும் என் வாயையே பார்த்துக்கிட்டிருப்பா.

நீ மட்டும் என்ன பெரிய யோக்கியமா? செஃபாத் தோப்புக்குள்ள ஆம்பளை கால் வைக்கணும்னா அங்கியைப் பொம்பளை மாதிரி மாத்தி மடிச்சுக் கட்டணும்னதும் கட்டிக்கிட்டே. வெளியே வந்து திருப்பிக் கட்ட மறந்து யோனபாரு ஊர் முழுக்க அப்படியே சுத்தினே. மீன்காரக் கிழவர் ஒருத்தர் கண்ணு தெரியாம "கொஞ்சம் தள்ளி நில்லும்மா"ன்னார். அதுக்கு நீ தள்ளியும் நின்னே. இதை இன்னைக்கு வரைக்கும் நான் யார்கிட்டயாவது சொன்னேனா? இனிமே சொல்லுவேன்.

துணி நல்ல துணிதான். என் அடுப்படியில நாள் தவறாம உழைச்ச துணி. உன்னை விட அது நாட்டுக்கு நிறைய செஞ்சிருக்கு.

மச்சிரு


சமாமித் தீவு
ஒன்பதாம் மாதம், தேய்பிறை ஒன்பதாம் நாள்

அக்கா,

தப்புதான். மன்னிச்சுக்கோ. குடிச்சிருந்தேன், எல்லாரும் சிரிச்சாங்க, சிரிக்க சிரிக்க எனக்கு ஏறிடுச்சு. ஆனா ஒண்ணு சொல்றேன், அந்தக் கதையை நான் நல்லாத்தான் சொன்னேன்.

சரி சரி, அடிக்க வராதே. இங்கே நடக்கற கூத்தைக் கேளு.

உன் துணியைக் கமடா தூக்கி ஒரு ஓரமா போட்டுட்டார். நம்ம யாமா இருக்கானே, துணி சும்மா கிடக்குன்னு எடுத்து, கொதிக்கற கஞ்சிப் பானையை அதால பிடிச்சு இறக்கிட்டான். கமடா பார்த்துட்டார்.

"அடப்பாவி! தலைமைப் பூசாரி முத்திரை போட்டு அனுப்பின துணிடா அது!"

"கரித்துணி ஐயா! பானை இறக்கத்தானே கரித்துணி?"

"பூசாரியம்மா கையால வந்துச்சுன்னா அது கரித்துணியா?"

"அப்ப பாய்மரத்துல கட்டுங்களேன்!"

அன்னைக்கு ஆரம்பிச்ச சண்டை, இன்னும் ஓயலை. கப்பல் ரெண்டு கட்சியா பிரிஞ்சு கிடக்கு. யாமா இப்ப கட்சி மாறி, துணிக்கு வக்கீலா நிக்கறான். "பூசாரியம்மா வீட்டு அடுப்பைத் துடைச்ச துணிங்க இது. அடுப்புச் சாமியோட மூணு கல்லையும் தினமும் தொட்டிருக்கு. நாம வேண்டறதை மத்த சாமிங்ககிட்ட எடுத்துட்டுப் போறதே அடுப்புச் சாமிதானே? அப்ப இது எந்தக் கைத்துண்டுக்குக் குறைச்சல்?"ங்கறான். அந்தப் பக்கம், "அது துடைச்சது அடுப்பை, கடலை இல்லை"ங்கறாங்க.

கடைசியில என்ன பண்ணாங்க தெரியுமா? கப்பல் முனையில ஒரு கல்லை வெச்சு, அது மேல உன் துணியை மடிச்சு வெச்சு, தினமும் முன்னாடி சோறும் அவமோரியும் படைக்கறாங்க. எல்லாரும் கும்பிடறாங்க. ஆனா நங்கூரத்தை எடுன்னா ஒருத்தனும் அசையலை. யாமாவுக்குப் பானை இறக்கத் துணி இல்லாம விரல் வெந்து போச்சு.

அக்காவோட உயிர் வெள்ளைப் பறவையா வந்து கப்பல்ல உக்காரும்னு சின்ன வயசுலேருந்து சொல்வாங்களே, அதையாவது பார்த்தா மனசு மாறுவாங்களோன்னு நான் தினமும் வானத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கறேன். இன்னைக்கு ஒரு காக்கா வந்து உக்காந்துது. கமடா அதைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "உங்க அக்காவுக்குக் கோவம் இன்னும் ஆறலை போல இருக்கே ஐயா"ன்னார்.

சமாமி ஊர்க்காரங்க எங்களுக்கு சக்கரைவள்ளிக்கிழங்கு கொடுத்துக் கொடுத்து ஓய்ஞ்சுட்டாங்க. நேத்து ஒரு அம்மா, "எப்பத்தான் கிளம்புவீங்க?"ன்னு நேராவே கேட்டுட்டா. கோவம் தீர்ந்ததுன்னா துண்டு அனுப்பு. தீரலைன்னாலும் அனுப்பு, திட்டி ஒரு கடுதாசி சேர்த்து வெச்சு அனுப்பு.

ஜிரு


ஷுரி
பத்தாம் மாதம், வளர்பிறை இரண்டாம் நாள்

ஜிரு,

யாமா கட்சி மாறினதைப் படிச்சு வாய் விட்டு சிரிச்சேன். எழுத்தரம்மா என்னவோ ஏதோன்னு எட்டிப் பார்த்தா. அப்புறம் அழுகை வந்துடுச்சு. அதையும் எட்டிப் பார்த்தா. அவளை வெளியே அனுப்பிட்டுக் கதவைச் சாத்திட்டு எழுதறேன்.

கோவத்துல அனுப்பலைடா.

கோவம் இருந்துது, இல்லைன்னு சொல்லலை. வெறும் கோவம்னா துறைமுகத்துலயே உன் காதைத் திருகி ரெண்டு வெச்சிருப்பேன், அதோட முடிஞ்சிருக்கும். கரித்துணியைப் பார்த்தா எந்த மாலுமியும் நகர மாட்டான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கட்டினேன். நீ கெரமாவுலயே நிக்கணும், காத்து போகணும், நீ திரும்பி வரணும். அவ்வளவுதான் என் கணக்கு.

நம்ம சின்னண்ணா தருகனி மியாகோத் தீவுக்குக் கப்பல் ஏறினப்போ நான் துண்டு நெய்து கொடுத்தேன், ஞாபகம் இருக்கா? வாழைநாரை நானே உரிச்சு, நானே நூல் முறுக்கி, விரல் நுனியெல்லாம் வெடிச்சுப் போச்சு. குருவி போடணும்னு பார்த்தேன். பன்னி மாதிரி வந்துது. அண்ணா அதைத் தலைகீழா திருப்பித் திருப்பிப் பார்த்து, "அருமையான பன்னி, தங்கச்சி"ன்னு சொல்லி இடுப்புல சொருகிக்கிட்டுப் போனார். கப்பலும் வரலை, அவரும் வரலை. ஒரு பலகை கூட வரலை.

எல்லாரும் புயல்னாங்க. யாரும் என்னை ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருந்தாக்கூட நல்லாயிருந்திருக்கும். நான் நெய்ததுல சத்தியம் இருந்திருந்தா அவர் வந்திருப்பார்தானே? அப்ப இந்தக் கையில ஒண்ணும் இல்லைன்னுதானே அர்த்தம்? இதை வெச்சுக்கிட்டு எப்படிடா நான் நாட்டுக்கே அக்காவா உக்காரறது? படகுல வாந்தி எடுத்ததை நீ சொன்னப்போ எனக்கு வலிச்சது வெக்கத்தால மட்டும் இல்லை. எனக்கே உள்ளுக்குள்ள தெரிஞ்ச விஷயத்தை நீ ஊருக்குச் சொன்ன மாதிரி இருந்துது. கடலுக்கு என்னைப் பிடிக்கலை.

திரும்பி வந்துடு. காத்து சரியில்லைன்னு சொல்லிக்கலாம். அரசர் அண்ணாகிட்ட நான் பேசிக்கறேன். உன்னையும் அனுப்பிட்டு வாசலைப் பார்த்துக்கிட்டு உக்கார என்னால முடியாது.

அக்கா


சமாமித் தீவு
பத்தாம் மாதம், வளர்பிறை ஐந்தாம் நாள்

அக்கா,

உன் கடுதாசியைக் கடற்கரையில உக்காந்து திரும்பத் திரும்பப் படிச்சேன். யாமா வந்து கஞ்சி வெச்சுட்டுப் போனான், ஆறிப் போச்சு.

இதை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு தருகனி அண்ணாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன். பரவாயில்லை, கோவிச்சுக்கட்டும்.

அவர் உன் துண்டை எடுத்துட்டுப் போகவே இல்லை அக்கா.

நாஹாச் சந்தையில தோஃபு விக்கற நாபின்னு ஒருத்தி இருக்கா. கீழ் வரிசையில, கிணத்துக்குப் பக்கத்துக் கடை. அண்ணாவுக்கு அவ மேல உயிரு. உனக்குத் தெரியாது, பெரியண்ணாவுக்குத் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும். ஏன்னா தோஃபு வாங்கப் போற சாக்குக்கு நான்தான் துணை. அந்த வருஷம் நம்ம வீட்டுல எல்லாரும் தோஃபு தின்னு தின்னு வெறுத்துப் போனோமே, அதுக்குக் காரணம் அதுதான். கப்பல் கிளம்பற அன்னைக்குக் காலையில அவகிட்ட போனார். அவளுக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லை. "என்கிட்ட இருக்கறதுலயே இதுதான் பெரிசு, நீ வெச்சுக்கோ"ன்னு இடுப்புலேருந்து உருவி அவ தலையில கட்டிட்டார். நான் பதறிப் போய், "அண்ணா, கடலுக்குப் போறே!"ன்னு கத்தினேன். "மச்சிருகிட்ட சொல்லாதே, தோலை உரிச்சுடுவா"ன்னு சிரிச்சுக்கிட்டே போய்ட்டார்.

உன் மனசை ஆத்தறதுக்குக் கதை கட்டறேன்னு நினைச்சா நேரா போய்ப் பார்த்துக்கோ. நான் சொல்ற கதையை நம்ப வேண்டாம். துணியை நம்பு. நீ போட்ட பன்னியை வேற எவளாலயும் போட முடியாது.

கப்பலைத் திருப்பிக்கிட்டு நான் வரலை அக்கா. பிடிவாதம் இல்லை. அறுபது பேர் வருஷம் பூரா இந்தப் பயணத்துக்காகக் காத்திருந்தவங்க. அப்புறம், இதை எப்படிச் சொல்றது, நான் இதுவரைக்கும் சாப்பிட்டது, குடிச்சது, கதை சொன்னது தவிர உருப்படியா ஒண்ணும் செஞ்சதில்லை. இந்த ஒரு வேலையையாவது முடிச்சுட்டு வரேனே.

ஆனா முடியும்னு தோணலை. கமடா இன்னைக்குத் தீர்மானமா சொல்லிட்டார். முதல்ல வந்தது கரித்துணிங்கறதால, இனிமே படகுல அனுப்பற துண்டு செல்லாதாம். அக்கா தன் கையாலயே பாய்மரத்துல கட்டினாத்தான் நங்கூரம் எழும்புமாம். நடக்காத காரியம்னு நான் அவர்கிட்ட சொல்லிட்டேன். குடக்கா கண்ணுக்கு எட்டின தூரம், அதுக்கே ஒரு தொப்பி போச்சு. நாஹாவுலேருந்து சமாமிக்கு வரணும்னா மந்திரிசபையோட தொப்பி அத்தனையும் பத்தாது.

ஜிரு


ஷுரி
பத்தாம் மாதம், வளர்பிறை ஒன்பதாம் நாள்

ஜிரு,

போனேன். எழுத்தரம்மாவோட பழைய அங்கியைப் போட்டுக்கிட்டு, தலையில கூடையை வெச்சுக்கிட்டு, யாருக்கும் தெரியாம நடந்தே போனேன். அவளும் கூட வந்தா. வழியெல்லாம் எனக்குப் பின்னாடி குனிஞ்சு குனிஞ்சு நடந்து காட்டிக் கொடுக்கப் பார்த்தா.

கிணத்துக்குப் பக்கத்துக் கடை. பெரிய உடம்புக்காரி, குரலும் பெரிசு. தலையில கட்டியிருக்கா. வெளுத்துப் போச்சு, ஓரம் பிஞ்சிருக்கு, ஆனா நடுவுல பன்னி அப்படியே நிக்குது. என்னால கண்ணை எடுக்க முடியலை.

"தோஃபு வேணுமா, இல்லை சும்மா முறைச்சுட்டுப் போறதா உத்தேசமா?"ன்னா.

"அது என்ன பன்னியா?"ன்னு கேட்டேன். வேற என்ன கேக்கறதுன்னு தெரியலை.

"பன்னியா? குருவிம்மா இது! நெய்தவங்களுக்குக் கை அவ்வளவுதான் வரும்."

எழுத்தரம்மா பின்னாடி மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டா. நான் யார் நெய்ததுன்னு கேட்டேன். நாபி கையைத் துடைச்சுக்கிட்டு அந்தத் துணியைத் தொட்டா. "ஒரு மனுஷன் கொடுத்தாரு. தங்கச்சி நெய்ததுன்னாரு. உலகத்துலயே மோசமான நெசவு, உலகத்துலயே நல்ல தங்கச்சின்னாரு. அவரு வரலை. அந்தப் பெரிய புயல்ல கடல் சந்தைக்குள்ளயே வந்துச்சே, நினைப்பிருக்கா? இந்த வரிசையில ஒரு கடை மிஞ்சலை. நான் இதைப் பல்லுல கடிச்சுக்கிட்டு கிணத்துக் கட்டையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். என் ஒருத்தியை விட்டுட்டுப் போச்சு. அன்னிலேருந்து இதைத் தலையை விட்டு எடுக்கறதில்லை"ன்னா.

நான் ஒரு தோஃபு வாங்கி அங்கேயே நின்னு தின்னேன். தின்னுக்கிட்டே அழுதேன். அவ பயந்துட்டா. "அவ்வளவு புளிச்சுப் போச்சா?"ன்னு கேட்டு இன்னொண்ணு இலவசமா கொடுத்தா. துண்டைத் திருப்பிக் கேக்கலை. அது அவளோடது. நான் யாருன்னும் சொல்லலை. ஆனா இனிமே மாளிகைக்குத் தோஃபு அந்தக் கடையிலதான். நீ திரும்பி வந்ததும் மறுபடி தின்னு வெறுத்துப் போக வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்ததும் தறியில உக்காந்துட்டேன். இன்னும் எழுந்திருக்கலை. குருவி போட்டிருக்கேன். கேலி பண்ணாதே.

உன் கமடாகிட்ட சொல்லு, அக்கா தன் கையாலயே கட்டுவான்னு.

நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன். எனக்கு பயமாத்தான் இருக்கு, வயிறு இப்பவே புரட்டுது. அரசர் அண்ணாகிட்ட கேட்டேன். அவர் சிரிக்கலை. "போ"ன்னார், மந்திரி இனாமினேவைத் துணைக்குப் போகச் சொன்னார். மந்திரி முகத்தை நீ பார்த்திருக்கணும். தொப்பி போடாம வரலாமான்னு கெஞ்சினார். அரசு வேலையா போறப்போ ஊதாத் தொப்பி இல்லாம முடியாதுன்னு அண்ணா கண்டிப்பா சொல்லிட்டார். அதனால ரெண்டு தொப்பி கொண்டு வரார். நான் ஒரு பெரிய பானையா கொண்டு வரேன்.

கரையில நிக்கற எவனாவது பல்லைக் காட்டினான்னு வை, யோனபாருக் கதை உனக்கு முன்னாடியே சீனாவுக்குப் போய்ச் சேரும்.

அக்கா


சமாமித் தீவு
பத்தாம் மாதம், வளர்பிறை பதினோராம் நாள்

அக்கா, வராதே. வெளியே அலை ஆளுயரம் அடிக்குது. கமடாகிட்ட நான் மறுபடியும் பேசிப் பார்க்கறேன். விளையாட்டு இல்லை. வராதே.

ஜிரு


நாஹாத் துறைமுகம்
பத்தாம் மாதம், வளர்பிறை பதின்மூன்றாம் நாள்

இதைக் கொண்டு வர்ற படகு எனக்கு முன்னாடி கிளம்புது. நான் அடுத்த படகுல ஏறிட்டேன். கட்டின கயிறு கூட இன்னும் அவிழ்க்கலை, மந்திரி இப்பவே தொப்பியை முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சுக்கிட்டார்.

மச்சிரு


ஃபூஜோ, சீனா
பதினோராம் மாதம், தேய்பிறை நான்காம் நாள்

அக்கா,

வந்து சேர்ந்தோம். அறுபது பேரும் வந்து சேர்ந்தோம். யாமா விரல் கூட ஆறிப் போச்சு. இதை முதல்லயே எழுதிடறேன், நீ மூச்சை விட்டுட்டு மீதியைப் படி.

இந்தக் கடுதாசி உன் கைக்கு வர்றப்போ கோடைக்காத்து அடிக்க ஆரம்பிச்சிருக்கும், உனக்கு சாமி பேரும் சூட்டியிருப்பாங்க. அந்தப் பூசாரிப் பொம்பளைங்க உன் வாயைப் பார்த்தாங்களா? பார்த்திருந்தா பார்க்கட்டும். அதுல எவளாவது சமாமிக் கரையில நீ இறங்கினதைப் பார்த்திருந்தா உன் காலைத்தான் பார்த்துக் கும்பிட்டிருப்பா.

உனக்கு ஞாபகம் இருக்காது. முகம் பச்சைப் பாகற்காய் மாதிரி இருந்துது. நாங்க எல்லாரும் மணல்ல மண்டி போட்டு வரிசையா இருந்தோம். வரவேற்க நான் ரெண்டு வரி தயார் பண்ணி வெச்சிருந்தேன். நீ எங்களை எல்லாம் தாண்டி நேரா தாழம்புதருக்குப் பின்னாடி போய்ட்டே. பானை வழியிலயே நிறைஞ்சு போச்சுன்னும், ரெண்டு தொப்பியும் போச்சுன்னும் மந்திரி காதோட சொன்னார். அறுபது பேர்ல ஒருத்தன் சிரிக்கலை அக்கா. நான் பயமுறுத்தி வெச்சதால இல்லை. கமடா மணல்லேருந்து தலையை எடுக்காமலே, "இவ்வளவு கஷ்டப்பட்டா வந்திருக்காங்க, நம்மளுக்காகவா?"ன்னு கேட்டார்.

நீ கட்டின துண்டு பாய்மரத்து உச்சியில பறந்துது. கரித்துணியையும் யாமா விடலை. கீழே, அடுப்புக்கு நேரா அடிமரத்துல கட்டிட்டான். கமடா பார்த்தும் பார்க்காத மாதிரி போய்ட்டார். உன் குருவியை மாலுமிங்க என்னன்னு நினைச்சாங்கன்னு கேக்காதே. பாதிப் பேர் பன்னின்னாங்க. யாமா மட்டும் பாகற்காய்னு அடிச்சுச் சொன்னான்.

கெரமாவைத் தாண்டி ரொம்ப தூரம் வந்ததுக்கப்புறம் பிடிச்சுது பாரு ஒரு காத்து! பாய் கிழிஞ்சுது, சுக்கான் கட்டை உடைஞ்சுது, நானும் கமடாவும் அதைக் கயித்தால கட்டி மார்போட அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு நின்னோம். தருகனி அண்ணாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். உன்னைக் கூப்பிட்டேன் அக்கா. சத்தமா கூப்பிட்டேன், அத்தனை பேர் கேக்கக் கூப்பிட்டேன்.

காத்து தணிஞ்சுது. மேகம் கொஞ்சம் விலகிச்சு. அப்ப அது வந்துது. நல்ல வெள்ளை, கொழுக் மொழுக்னு, பெரிசா ஒரு கடல் பறவை. ரெண்டு சுத்து சுத்தி வந்து பின்தளத்துல, சரியா என் முன்னாடி உக்காந்துது. சாமி முன்னாடி நிக்கற மாதிரி தொப்பியைக் கழட்டி, ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு மண்டி போட்டேன்.

கப்பல் ஒரு அலை மேல ஏறி இறங்கிச்சு. பறவையும் ஏறி இறங்கிச்சு. இன்னொரு அலை. பறவை கண்ணை ஒரு மாதிரி சொருகிச்சு. கழுத்தை நீட்டிச்சு. ரெண்டு தடவை குலுங்கிச்சு. அப்புறம், அரை குறையா செரிச்ச மீன் அத்தனையையும் என் தொப்பிக்குள்ள வாந்தி எடுத்துது.

கமடா "ஓ"ன்னு அழுதார். "அவங்கதான் ஐயா! அவங்களேதான்! சந்தேகமே இல்லை!" அறுபது பேரும் தடால்னு பலகையில விழுந்து கும்பிட்டாங்க. யாமா கும்பிட்டுக்கிட்டே பறவைக்குப் பானை கொண்டு வர ஓடினான்.

அது வாயைத் துடைச்சுக்கற மாதிரி அலகைத் தேய்ச்சுட்டு என்னை ஒரு பார்வை பார்த்துது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். விருந்துல பார்த்திருக்கேன்.

நான் அந்தத் தொப்பியை அப்படியே எடுத்துத் தலையில வெச்சுக்கிட்டேன், அக்கா.

உன் தம்பி,
ஜிரு